லாரி ஓடிய தூரமும் என்ஜின் உழைத்த மணியும்

ஊரில் ஜேசிபி வந்து மண் வெட்டினால் மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறோம். டிராக்டர் உழவுக்கும் அதே கணக்குதான். அந்த வண்டிகளில் ஹவர் மீட்டரைப் பார்க்காமல் ஆயில் மாற்றுவதில்லை, கை மாற்றி விற்பதும் இல்லை. லாரி என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாப் பேச்சும் கிலோமீட்டரில் நடக்கிறது. எத்தனை லட்சம் ஓடியிருக்கிறது, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, எத்தனை ஆயிரத்தில் சர்வீஸ் விட்டீர்கள்? லாரிக்குள் இருப்பதும் அதே டீசல் என்ஜின்தான். சக்கரம் நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டம் கிலோமீட்டர் மீட்டரில் ஏறாது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ஒன்றோ இரண்டோ வண்டி வைத்து, கணக்கையும் தானே பார்த்துக்கொள்ளும் உரிமையாளரை நினைத்து இதை எழுதுகிறேன். பெரிய கம்பெனிகளுக்குக் கணினியும் ஆட்களும் இருக்கிறார்கள். சிறு உரிமையாளருக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். நோட்டில் கிலோமீட்டரையும் என்ஜின் மணியையும் ஒரே வரியில், ஒரே நேரத்தில் எழுதுங்கள். பிறகு கிலோமீட்டரை மணியால் வகுங்கள். என்ஜின் ஓடிய ஒவ்வொரு மணிக்கும் வண்டி எத்தனை கிலோமீட்டர் நகர்ந்தது என்பது தெரியும். டீசல், ஆயில், டிரைவர், பழைய வண்டியின் விலை என்று லாரித் தொழிலின் பாதிக் கேள்விகளுக்கு இந்த ஒரு எண்ணில் பதில் இருக்கிறது.

இரண்டு வண்டி, ஒரே மூன்று லட்சம்

கணக்குக்காக இரண்டு லாரிகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 3,00,000 கி.மீ. காட்டுகின்றன. ஒன்று சங்ககிரியிலிருந்து வட மாநிலங்களுக்கு லைன் லோடு அடிக்கும் வண்டி. நாற்கரச் சாலையில் நீண்ட ஓட்டம், நிறுத்தம் குறைவு. மணிக்குச் சராசரி 40 கி.மீ. என்றால் அதன் என்ஜின் ஓடியது 7,500 மணி. இன்னொன்று கல் குவாரி டிப்பர். லோடுக்கு வரிசையில் நிற்கும், எடை மேடையில் நிற்கும், ஜாக்கியைத் தூக்கி இறக்கும், குறுகிய தூரம் ஓடித் திரும்பும். சராசரி 15 கி.மீ. என்றால் அதே மூன்று லட்சத்துக்கு 20,000 மணி ஆகியிருக்கும்.

மீட்டரைப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வயது வண்டிகள். உள்ளே ஒரு என்ஜின் மற்றதைவிட 12,500 மணி அதிகம் உழைத்திருக்கிறது. பிஸ்டன் ரிங்கும் ஸ்லீவும் டர்போவும் வண்டி சங்ககிரியில் இருக்கிறதா நாக்பூரில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. எவ்வளவு நேரம் சுழன்றோம், எவ்வளவு பாரத்தில் சுழன்றோம் என்பதுதான் அவற்றுக்குக் கணக்கு.

ஆயில் மாற்றும் இடைவெளியில் இதன் பலன் நேராகத் தெரியும். சர்வீஸ் புத்தகம் 40,000 கி.மீ. என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். லைன் வண்டிக்கு அது 1,000 மணி. மணிக்கு 15 கி.மீ. மட்டுமே நகரும் டிப்பருக்கு அதே 40,000 கி.மீ. வர 2,600 மணிக்கு மேல் ஆகும். அதுவரை அதே ஆயில் என்ஜினுக்குள் சுற்றினால் அது ஆயிலாக இருக்காது. இதற்காகவே பெரும்பாலான சர்வீஸ் புத்தகங்களில் கிலோமீட்டர், மணி, மாதம் என்று இரண்டு மூன்று அளவுகள் கொடுத்து, எது முதலில் வருகிறதோ அதில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். டிப்பர், மிக்ஸர் போன்ற கடின வேலைக்குத் தனி அட்டவணையே இருக்கும். பலர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

மணியை எண்ணுவது யார்?

ஹவர் மீட்டர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பழைய டிராக்டர்களில் ஆர்.பி.எம். முள்ளோடு சேர்ந்து வந்த மெக்கானிக்கல் மீட்டர், என்ஜின் சுற்றுகளை எண்ணி மணியாகக் காட்டியது. என்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றால்தான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி ஏறும். மெதுவாக ஐட்லிங்கில் நின்றால் அதைவிடக் குறைவாக ஏறும். பிறகு வந்த மின் மீட்டர்கள் வெறும் கடிகாரம். அதை எந்த ஒயரில் இணைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்தது. ஆயில் பிரஷர் சுவிட்சிலோ ஆல்டர்னேட்டரிலோ இணைத்திருந்தால் என்ஜின் ஓடும்போது மட்டும் எண்ணும். சாவி ஒயரில் இணைத்திருந்தால், டிரைவர் பாட்டுக் கேட்கச் சாவியைத் திருப்பி வைத்தாலும் எண்ணும்.

இப்போதைய லாரிகளில் இந்த வேலையை, என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.எம். என்ற மின் பெட்டியே செய்கிறது. என்ஜின் சுழல்வதை அதன் சென்சாரே சொல்வதால் சாவி மட்டும் போட்டால் மணி ஏறாது. கனரக வண்டிகளின் மின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஜே1939 என்ற பொது முறை உண்டு. அந்த முறையில் மொத்த என்ஜின் மணி மூன்று நிமிடத் துல்லியத்திலும், மொத்தத் தூரம் 125 மீட்டர் துல்லியத்திலும் அனுப்பப்படும். மொத்த ஐட்லிங் மணி, மொத்தம் எரித்த டீசல் ஆகியவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. எந்த வண்டி எதையெல்லாம் அனுப்புகிறது என்பது மாடலைப் பொறுத்தது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போடும்போது இந்த எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் மணி தெரியாத வண்டியிலும் உள்ளே அது இருக்கக்கூடும்.

ஜி.பி.எஸ். கருவி பொருத்தியிருப்பவர்கள் கைபேசியில் ‘என்ஜின் மணி’ என்று ஒன்றைப் பார்ப்பார்கள். பல மலிவான கருவிகளில் அது சாவி போட்டிருந்த நேரம் மட்டுமே. சோதிப்பது சுலபம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மணி ஏறினால் அந்தக் கருவியின் கணக்கை என்ஜின் கணக்காக எடுக்காதீர்கள்.

ஹவர் மீட்டரைப் படிப்பதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. புள்ளிக்குப் பின் வரும் கடைசி இலக்கம் மணியின் பத்தில் ஒரு பங்கு, அதாவது 6 நிமிடம். 1245.5 என்றால் 1,245 மணி 30 நிமிடம். சில மீட்டர்களில் புள்ளி இருக்காது, கடைசிக் கட்டம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அதைக் கவனிக்காமல் 12,455 என்று எழுதிவிட்டால் நோட்டு முழுவதும் பத்து மடங்கு பிசகும்.

கிலோமீட்டரும் பிசகும்

தூரத்தை மீட்டர் நேராக அளப்பதில்லை. பெரும்பாலான லாரிகளில் கியர்பாக்ஸின் வெளித்தண்டு சுழல்வதை ஒரு சென்சார் எண்ணுகிறது. இத்தனை சுற்றுக்கு ஒரு கிலோமீட்டர் என்று உள்ளே ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கும். கியர்பாக்ஸுக்கும் சாலைக்கும் நடுவில் இருக்கும் கிரவுன்-பினியன், டயர் இரண்டில் எது மாறினாலும் அந்தக் கணக்கு தப்பும்.

டயர் தேய்வதால் வரும் பிழை சிறியது. புது டயரின் பட்டன் பதினைந்து மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும். அது தேய்ந்து தீரும்போது சக்கரம் கொஞ்சம் சிறியதாகி, அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். இரண்டு சதவீதம் அளவுக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டலாம். கிரவுன்-பினியன் மாற்றுவது அப்படியல்ல. மைலேஜ் கூடும் என்று பலர் இதைச் செய்கிறார்கள். 6.5-க்கு 1 என்றிருந்த விகிதத்தை 5.85-க்கு 1 ஆக மாற்றிவிட்டு, மீட்டரில் அந்த மாற்றத்தைப் பதியாமல் விட்டால், 100 கி.மீ. ஓடிய வண்டி 90 என்றுதான் காட்டும். டீசல் உண்மையில் மிச்சமாகியிருக்கும், நோட்டிலோ மைலேஜ் குறைந்ததாகத் தெரியும். பட்டறைக்காரரோடு சண்டை போடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

மீட்டர் சரியா என்று பார்க்க நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லே போதும். சேலம், நாமக்கல், கரூர் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏதாவது ஒரு கல்லில் மீட்டரைக் குறித்து, 50 கி.மீ. தள்ளி இன்னொரு கல்லில் குறித்துக்கொள்ளுங்கள். ஜி.பி.எஸ். தூரத்தையும் அதோடு ஒப்பிடலாம். ஆனால் ஜி.பி.எஸ். கருவி சாலையை அளப்பதில்லை. சில நொடிகளுக்கு ஒரு முறை வண்டி இருக்கும் புள்ளியைக் குறித்து, புள்ளிகளை நேர்கோட்டில் இணைக்கிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் அது வளைவுகளை வெட்டிக்கொண்டு போகும், தூரம் குறையும். அதே கருவி, ஷெட்டுக்குள் நிற்கும் வண்டி அங்கும் இங்கும் நகர்ந்ததாக எண்ணி, இல்லாத மீட்டர்களைச் சேர்ப்பதும் உண்டு.

டீசல் எங்கே போனது?

இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். லாரித் தொழிலில் முதலாளிக்கும் டிரைவருக்கும் நடுவே அதிகம் மனக்கசப்பு வளர்வது டீசல் கணக்கில்.

ஒரு டிரிப்: 1,000 கி.மீ., டேங்க் நிரப்பியதற்கு நிரப்பியது வரை 250 லிட்டர். மைலேஜ் 4. அடுத்த டிரிப்பும் அதே 1,000 கி.மீ., அதே பாரம், ஆனால் 265 லிட்டர். மைலேஜ் 3.77 ஆகிவிட்டது. கிலோமீட்டரும் லிட்டரும் மட்டும் நோட்டில் இருந்தால் முதலாளியின் கண்ணுக்கு 15 லிட்டர் காணாமல் போயிருக்கிறது. வழியில் டிரைவர் டீசல் இறக்கிவிட்டார் என்ற முடிவுக்கு வர நேரமாகாது. சம்பளத்தில் பிடிப்பார், வேறு ஆள் தேடுவார்.

நோட்டில் மணியும் இருந்தால்? முதல் டிரிப்பில் என்ஜின் 25 மணி ஓடியது, மணிக்கு 40 கி.மீ. இரண்டாவதில் 35 மணி, மணிக்கு 28.6 கி.மீ. பத்து மணி நேரம் கூடுதலாக என்ஜின் ஓடியிருக்கிறது, வண்டி ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாக நகரவில்லை. லாரி என்ஜின் சும்மா நின்று ஓடும்போது, அதன் அளவையும் ஏ.சி. போன்ற சுமைகளையும் பொறுத்து, மணிக்கு ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை எரிக்கும். ஒன்றரை லிட்டர் என்று வைத்தால் பத்து மணிக்குப் பதினைந்து லிட்டர். காணாமல் போன டீசல் என்ஜினுக்குள்தான் எரிந்திருக்கிறது. டிரைவர் திருடவில்லை.

அடுத்த கேள்வி, ஏன் பத்து மணி கூடியது என்பது. லோடு ஏற்றும் இடத்தில் வரிசையில் அடி அடியாக நகர்ந்தார்களா? பார்ட்டி அன்லோடு எடுக்காமல் நிறுத்தி வைத்தாரா? அப்படியானால் அந்த மணிகள் ஹால்ட்டிங் பணம் கேட்பதற்கான ஆதாரம். நாங்கள் ரொம்ப நேரம் நின்றோம் என்று வாயால் சொல்வதைவிட, உள்ளே நுழைந்தபோது இத்தனை, வெளியே வந்தபோது இத்தனை என்று மணியும் நேரமும் குறித்த டிரிப் ஷீட் வலுவானது.

டிரைவர் என்ஜினை அணைக்காமல் விடுவதற்குப் பல காரணங்கள் உண்டு, எல்லாமே அலட்சியம் அல்ல. பேட்டரி தளர்ந்த வண்டியை அணைத்தால் மறுபடி எடுக்காது என்ற பயம் அதில் ஒன்று. அங்கே மாற்ற வேண்டியது பேட்டரியை. மே மாதத்து நாக்பூர் வெயிலில் கேபினுக்குள் படுத்துத் தூங்க வேண்டியவர் ஏ.சி.க்காக என்ஜினை ஓட விடுவார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. இனி இந்தக் கேள்வி இன்னும் அதிகமாக வரும். தூங்காத டிரைவர் தொப்பூர் இறக்கத்தில் வண்டி ஓட்டுவதைவிட அந்த டீசல் மலிவு. பேட்டரியில் ஓடும் பார்க்கிங் ஏ.சி. கட்டுபடியாகுமா என்று பார்ப்பது முதலாளியின் வேலை.

மிச்சப்படுத்தக் கூடியது வேறு வகை ஐட்லிங்: டீக்கடையில் நிறுத்தி இறங்கும்போது, பேச்சு சுவாரசியத்தில், பழக்கத்தில் ஓட விடுவது. நாளுக்கு மூன்று மணி, மாதம் 25 நாள், மணிக்கு ஒன்றரை லிட்டர் என்றால் மாதம் 112 லிட்டருக்கு மேல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலே பத்தாயிரம் ரூபாய். அணைத்து ஸ்டார்ட் செய்தால் டீசல் அதிகம் குடிக்கும் என்ற பழைய நம்பிக்கை சரியல்ல. சூடான என்ஜினை மறுபடி எடுக்க ஆகும் டீசல் மிகக் கொஞ்சம். ஒரு விதிவிலக்கு: பாரத்தோடு மலையேறி வந்தவுடன் அணைக்கக் கூடாது. டர்போ ஆறுவதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஐட்லிங் வேண்டும். காலையில் பிரேக்குக்குக் காற்று ஏறும் நேரமும் அப்படித்தான்.

சும்மா ஓடினால் தேயுமா?

பாரமே இல்லாமல் நின்று ஓடும் என்ஜினுக்கு என்ன தேய்மானம் என்று கேட்பார்கள். டீசல் நன்றாக எரிய சிலிண்டருக்குள் சூடு வேண்டும். ஐட்லிங்கில் அந்தச் சூடு வராது. அரைகுறையாக எரிந்த டீசல் கரியாகப் படியும். கொஞ்சம் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலந்து அதன் பசையைக் குறைக்கும். பாரத்தில் ஓடும்போது ரிங் ஸ்லீவோடு இறுகி உட்காரும், ஐட்லிங்கில் அந்த அழுத்தமும் இல்லை.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. புகைக்குழாயில் இருக்கும் டி.பி.எஃப். வடிகட்டி கரியைப் பிடித்து வைத்து, பிறகு சூட்டில் எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு நெடுஞ்சாலை ஓட்டத்தில் தானாகக் கிடைக்கிறது. நின்று நின்று ஓடும் வண்டியில் கிடைப்பதில்லை. விளைவு, டேஷ்போர்டில் விளக்கு எரியும். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஆர்.பி.எம். ஏற்றி, அரை மணி அளவுக்கு ரீஜென் செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரமும் மணிக் கணக்கில்தான் சேரும். ரீஜென் அடிக்கடி கேட்கும் வண்டியின் நோட்டில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் குறைந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். சென்சாரை மாற்றுவது அதற்குப் பிறகு.

ஒரு மணி ஐட்லிங் எத்தனை கிலோமீட்டருக்குச் சமம்? அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் காவல்துறைக் கார்களுக்கு ஏறத்தாழ 33 மைல், அதாவது 53 கி.மீ. என்று கணக்குச் சொன்னது. அது பெட்ரோல் காருக்கான எண், நம் லாரிக்கு அப்படியே பொருந்தாது. ஒரு மணி ஐட்லிங்கும் தொப்பூர் ஏற்றத்தில் ஒரு மணியும் ஒன்றாகாது என்பதையும் மறக்க வேண்டாம். இதனால்தான் கேட்டர்பில்லர் போன்ற என்ஜின் நிறுவனங்கள் சில பெரிய வேலைகளுக்கு மணியோடு எரித்த எரிபொருளின் அளவையும் கொடுக்கின்றன. கடினமாக உழைத்த மணி அதிகம் எரிக்கும், சும்மா ஓடிய மணி குறைவாக எரிக்கும். நம் நோட்டில் லிட்டரும் இருந்தால் மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் மணிக்கு மாற்றிவிடச் சொல்லவில்லை. டயர், பிரேக் லைனிங், ஸ்பிரிங் பட்டை, வீல் பேரிங், கியர்பாக்ஸ் ஆயில், ஹவுசிங் ஆயில் இவை சாலையில் தேய்பவை, கிலோமீட்டர்தான் சரி. என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பெல்ட், ஆல்டர்னேட்டர், கூலன்ட் பம்பு, டர்போ இவற்றுக்கு மணி. ஏர் ஃபில்டர் இரண்டுக்கும் கட்டுப்படாது, புழுதியைப் பொறுத்தது.

ரிக் வண்டி

கிலோமீட்டரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குத் திருச்செங்கோட்டைவிட நல்ல சாட்சி இல்லை. இந்தியாவின் பல மாநிலங்களில் போர் போடும் ரிக் வண்டிகள் அந்த ஊர்க்காரர்களுடையவை. ரிக் வண்டி என்பது லாரி சேஸியின் மேல் ஒரு தொழிற்சாலை. ஊர் விட்டு ஊர் போக லாரி என்ஜின், துளை போடும்போது காற்று கொடுக்கும் கம்ப்ரசருக்குத் தனி என்ஜின். சில வண்டிகளில் ஹைட்ராலிக் பம்பை லாரி என்ஜினே, அதன் சக்தியை வெளியே எடுத்துக் கொடுக்கும் பி.டி.ஓ. வழியாக ஓட்டும்.

ஆக ஒரே வண்டியில் ஒரு கிலோமீட்டர் மீட்டரும் இரண்டு மணிக் கணக்கும் வேண்டும். வண்டி ஒரே மாவட்டத்துக்குள் வேலை செய்தால் மாதத்துக்குச் சில நூறு கிலோமீட்டர்தான் ஏறும், கம்ப்ரசர் என்ஜினோ இரவு பகலாக முழுப் பாரத்தில் ஓடியிருக்கும். ரிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும்; கம்ப்ரசர் ஆயில், செப்பரேட்டர், என்ஜின் ஃபில்டர் எல்லாவற்றையும் மணி பார்த்தே மாற்றுகிறார்கள். அவர்களிலும் பலர் விட்டுவிடுவது பி.டி.ஓ. ஓடும் லாரி என்ஜினின் மணியை. ‘வண்டி எங்கே ஓடியது, நின்றுதானே இருந்தது’ என்று லாரி என்ஜின் ஆயிலை மறந்துவிடுகிறார்கள்.

ரிக்கில் வாடகை அடிக்கணக்கு என்பதால் மணி இன்னொன்றுக்கும் உதவும். போட்ட அடியைக் கம்ப்ரசர் மணியால் வகுத்துப் பாருங்கள். ஒரே வகைப் பாறையில் மணிக்கு இத்தனை அடி என்பது வாரா வாரம் இறங்கினால் பிட் தேய்ந்திருக்கிறது, அல்லது ஹேமர் தளர்ந்திருக்கிறது, அல்லது கம்ப்ரசர் காற்று குறைகிறது. டீசல் பில் ஏறிய பிறகு தெரிவதை இது முன்னாலேயே சொல்லிவிடும்.

கான்கிரீட் மிக்ஸர் வண்டியும் இதே குடும்பம். பல வண்டிகளில் டிரம்மைச் சுற்றுவது லாரி என்ஜின்தான். உள்ளே கலவை இருக்கும்வரை சென்னை நெரிசலில் எத்தனை மணி நின்றாலும் அணைக்க முடியாது. அந்த டிரைவரிடம் ஐட்லிங் பற்றிக் கேட்பது நியாயமல்ல. அந்த வண்டிக்கு மணிக்கணக்கில் சர்வீஸ் செய்வதுதான் நியாயம்.

மணி என்பது மனிதருக்கும்தான்

என்ஜின் மணி டிரைவரின் வேலை நேரம் அல்ல, ஆனால் அதன் நிழல் அதில் விழும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வகுத்தது. அமெரிக்காவில் 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான நெடுந்தூர லாரிகளில் கட்டாயமான மின்னணுப் பதிவுக் கருவி, என்ஜின் மணியையும் ஓடிய தூரத்தையும் என்ஜினிடமிருந்தே எடுத்து டிரைவரின் நேரக் கணக்கோடு சேர்க்கிறது. நம் நோட்டில் ஒற்றை டிரைவர் ஓட்டும் வண்டிக்கு ஒரு நாளில் 16 மணி என்ஜின் ஏறியிருந்தால், அன்று மைலேஜ் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் அவர் தூங்கினாரா என்று போனில் கேளுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

விற்பவர் 1,80,000 கி.மீ. என்கிறார், மும்பை லைனில் ஓடிய வண்டி என்கிறார். ஸ்கேனரில் 12,000 மணி இருக்கிறது. வகுத்தால் 15. லைன் வண்டிக்கு இது ஒத்துவராது. ஒன்று, வண்டி வேறு வேலை பார்த்திருக்கிறது. அல்லது மீட்டரில் கிலோமீட்டர் குறைக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. வகுத்தால் 70 வருகிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம். சரக்கு வண்டிகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80-இல் நிறுத்தும்போது, நின்ற நேரமும் ஏற்றமும் டோல்கேட்டும் சேர்ந்து சராசரி 70 வராது. மணிக் கணக்கு எங்கோ விட்டுப்போயிருக்கிறது அல்லது ஈ.சி.எம். மாற்றப்பட்டிருக்கிறது. டேஷ்போர்டு எண்ணையும் ஈ.சி.எம். எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஃபாஸ்டேக் பதிவு கிடைத்தால் எந்த டோல்கேட்டுகளைத் தாண்டிய வண்டி என்பதும் தெரியும். கிளட்ச் பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் ஒரு சாட்சிதான்.

நோட்டு எழுதும் முறையில் பெரிய வித்தை இல்லை. தேதி, இடம், கிலோமீட்டர், மணி, லிட்டர், குறிப்பு. டேங்க் நிரப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. ஆயில், ஃபில்டர் மாற்றினால் அதே வரியில் குறிப்பு. டிரைவர் இரண்டு மீட்டரும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், எண்ணைத் தப்பாகப் படிக்கும் தொல்லையும் இல்லை. முதல் இரண்டு மூன்று மாதம் எந்த முடிவுக்கும் வராமல் எழுதுங்கள். உங்கள் வண்டி, உங்கள் ரூட்டில், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போவது இயல்பு என்பது அப்போதுதான் தெரியும். அடுத்தவர் வண்டியின் எண் உங்களுக்கு உதவாது.

மீட்டர் பழுதாகி மாற்றும் நாளில்தான் பல நோட்டுகள் நின்றுபோகின்றன. கழற்றுவதற்கு முன் பழைய மீட்டரின் கடைசி எண்களைப் படம் எடுங்கள். புதிய மீட்டர் எந்த எண்ணில் தொடங்குகிறது என்பதையும் எழுதி, இனி எவ்வளவைக் கூட்ட வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள். மீட்டர் வேலை செய்யாத நாட்களுக்கு டோல்கேட் தூரத்தையோ ஜி.பி.எஸ். தூரத்தையோ எழுதி, பக்கத்தில் ‘உத்தேசம்’ என்று போடுங்கள். வண்டியை விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடு இந்த நோட்டையும் கொடுங்கள். வாங்குபவர் அடுத்த ஆயிலை எப்போது மாற்றுவது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.